இடிந்த வீட்டைப் படம் எடுத்தால் கடல் மட்ட உயர்வைப் படம் எடுத்ததாகுமா?

ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "புகைப்படக் கலை படித்து முடித்திருக்கிறேன். கடல் மட்டம் உயர்வதால் அழிந்துவரும் கடலோர ஊர்களை ஆவணப் படங்களாக எடுக்க வேண்டும் என்று ஆசை. தமிழ்நாட்டில் எந்த ஊரில் தொடங்கலாம்? எப்படி எடுக்க வேண்டும்?"

எந்த ஊர் என்பதைப் பிறகு சொல்கிறேன். கடற்கரைகளில் கேமராவோடு பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில், நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் உங்களுக்கு உதவும்.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு குப்பம். அங்கே பாதி இடிந்த வீடு ஒன்றை எடுத்தேன். பச்சை வண்ணம் அடித்த ஒற்றைச் சுவர் மட்டும் நின்றது. அதில் ஆணியடித்து மாட்டிய நாள்காட்டி காற்றில் படபடத்தது. அடியில் மணல் முழுக்கப் போய்விட்டதால் திண்ணை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நுரை தள்ளும் அலை. ஒரு பத்திரிகை அந்தப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டு, 'உயரும் கடல் விழுங்கிய வீடு' என்று எழுதியது. எனக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை. இதழை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அந்த வீட்டுக்காரப் பெரியவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "படம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் கல்லைக் காணோமே?" என்றார்.

"எந்தக் கல் ஐயா?" என்று கேட்டேன். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெற்கே நடந்தார். சிறிது தூரத்தில் கருங்கற்களைக் கடலுக்குள் கொட்டிப் போட்டிருந்த தூண்டில் வளைவு. அதன் தென்புறம் மணல் மேடு தட்டியிருந்தது. அதன்மேல் ஃபைபர் படகுகளை இழுத்து நிறுத்தியிருந்தார்கள், பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வடபுறம் வந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு மண் அறுந்து நின்றது. "அந்தப் பக்கம் கிடக்கிறதே, அது எங்களுக்கு வர வேண்டிய மணல்" என்றார் பெரியவர். நான் படம் எடுத்த இடத்திலிருந்து கேமராவைச் சற்று வலப்பக்கம் திருப்பியிருந்தால் அந்தக் கல் வரிசை சட்டத்துக்குள் வந்திருக்கும். அழகைக் கெடுக்கிறது என்று நான்தான் அதை வெட்டியிருந்தேன்.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான். கடல் மட்ட உயர்வை எந்தப் படமும் நேரடியாகக் காட்டாது. அரிப்பைக் காட்டும், வெள்ளத்தைக் காட்டும், இடிந்த சுவரைக் காட்டும். அவற்றுக்குக் காரணம் என்ன என்பதைப் படத்துக்கு வெளியே நீங்கள் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் எடுக்கும் படம், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், யாரோ ஒருவரைத் தப்பிக்க விட்டுவிடும்.

கிழக்குக் கடற்கரையின் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நம் கரையோரம் மணல் ஓர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வாடைக் காற்று வீசும் மூன்று நான்கு மாதங்களில் அது வடக்கிலிருந்து தெற்கே வரும். ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இதற்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவரைக் கட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அறுபடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கே மெரினா அகன்று விரிந்ததும், வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை தேய்ந்ததும் இப்படித்தான். இன்று நாம் காற்று வாங்கப் போகும் மெரினா மணலின் ஒரு பகுதி வடசென்னை மீனவர்கள் இழந்த கரை. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

புதுச்சேரியில் இதே கதை நம் கண்முன் நடந்தது. 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது முறையாக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் மணற்கரை காணாமல் போய்ப் பாறைச் சுவர் மட்டும் மிஞ்சியது. சுவர் நீள நீள அரிப்பும் வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டே போனது. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்த பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பியது. சுற்றுலாப் பயணிகள் அந்த மணலில் கால் நனைக்கிறார்கள். வடக்கே இருக்கும் குப்பங்களுக்கு அப்படி எதுவும் திரும்பவில்லை.

அப்படியானால் கடல் மட்டம் உயர்வது பொய்யா என்று சிலர் கேட்பார்கள். பொய் இல்லை. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு கணக்கிட்டிருக்கிறது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006-லிருந்து 2018 வரை 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. இந்த வேகத்தில் பத்து ஆண்டுக்கு இரண்டு விரற்கடை. அதைக் கேமரா பார்க்க முடியாது, கண்ணும் பார்க்க முடியாது. ஆனால் சரிவு குறைந்த மணற்கரையில் நீர் இரண்டு விரற்கடை ஏறினால் கரை அதைப்போலப் பல மடங்கு பின்வாங்கும். புயல் அலை முன்பு நின்ற இடத்தைத் தாண்டி உள்ளே வரும். முன்பு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடல் ஏற்றம், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உலகின் கடல் மட்டம் அளவிடும் நிலையங்களில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரக்கூடும் என்றும் அதே குழு சொல்கிறது. கல் போட்டு மணலைத் தடுத்துவிட்ட கரைக்கு இதைத் தாங்கும் சக்தி இருக்காது. துறைமுகம் ஊரைப் பலவீனப்படுத்துகிறது, உயரும் கடல் அந்தப் பலவீனத்தில் கைவைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் உங்கள் படத்தொகுப்பு உண்மை பேசும்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கணக்கெடுத்தது. இந்தியப் பெருநிலக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் அது 42.7 சதவீதம், புதுச்சேரியில் 56.2 சதவீதம். களத்துக்குப் போகும் முன் நீங்கள் எடுக்கப்போகும் பகுதிக்கான வரைபடத்தைப் பாருங்கள். மணல் சேர்ந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அரித்த இடத்துக்குத் தெற்கே சேர்ந்த இடம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

காரணத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம் கடற்கரைக்கு வெளியேயும் சான்று உண்டு. 2017-ல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய பனிக்கரடி ஒன்றின் காணொளியை, பருவநிலை மாற்றத்தின் முகம் இதுதான் என்ற பொருளில் நேஷனல் ஜியோகிராஃபிக் வெளியிட்டது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகையே எல்லை மீறிவிட்டதாக ஒப்புக்கொண்டது. அந்த ஒரு கரடி ஏன் பட்டினி கிடந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை என்பதைப் படக் குழுவில் இருந்த கிறிஸ்டினா மிட்டர்மியரும் எழுதினார். அதற்குள் பருவநிலை மாற்றத்தையே மறுப்பவர்களுக்கு நல்ல ஆயுதம் கிடைத்துவிட்டது.

பசிபிக் தீவு நாடான துவாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கும் நாடு என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர். 2021 நவம்பரில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே கோட்டும் டையும் அணிந்து, கால்சட்டையை மடித்துவிட்டு, முழங்கால் அளவு கடல் நீரில் பேச்சு மேசையின் பின்னால் நின்று கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்கு உரையாற்றினார். அதைத் திட்டமிட்டு எடுத்தார்கள், அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. தன் நாட்டைப் பற்றித் தானே சொல்லும் உரிமையை அவர் பயன்படுத்தினார். ஆனால் 2018-ல் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டின் 101 தீவுகளையும் அளந்து, 1971-க்கும் 2014-க்கும் இடையே மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாக வெளியிட்டார்கள். அலை பவளச் சிதைவுகளைக் கொண்டுவந்து கரையில் சேர்ப்பதுதான் காரணம். அதனால் துவாலு மக்களுக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. நிலம் கூடினாலும் நீர் உள்ளே வரும், கிணறு உப்பாகும், கிழங்கு பயிரிடும் குழி கெடும். அங்கே போகும் புகைப்படக்காரர் நிலம் கரைவதை மட்டும் தேடினால் உண்மையில் நடப்பதைத் தவறவிடுவார்.

மேற்கு வங்காளத்தின் கோரமாரா தீவும் இதே பாடம்தான். ஹூக்ளி ஆற்று முகத்தில், சாகர் தீவுக்கு வடக்கே இருக்கிறது. பாதிக்கு மேல் கரைந்துவிட்டது, பக்கத்தில் இருந்த லோகாசரா தீவு மூழ்கியது. கொரியப் புகைப்படக்காரர் டேசுங் லீ அங்கே அறுந்துபோன மண் திட்டுகளின்மேல் தீவு மக்களை நிற்க வைத்து எடுத்த படங்கள் உலகம் சுற்றின. பார்த்தால் மறக்க முடியாது. ஆனாலும் கோரமாராவைப் பற்றி எழுதும்போது உயரும் கடலோடு சேர்த்து, தானே தாழ்ந்துகொண்டிருக்கும் டெல்டா நிலத்தையும், கங்கையின் குறுக்கே 1975-ல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணையையும், ஹால்தியா துறைமுகத்துக்காக மாற்றப்பட்ட நீரோட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மனிதர் நிற்கும் மண் திட்டைக் காட்டும் படத்தில் அணை இருக்காது. அதைப் படக்குறிப்பில்தான் எழுத முடியும். படக்குறிப்பைப் பத்திரிகை எழுதட்டும் என்று ஒருபோதும் விடாதீர்கள். நீங்களே எழுதி, அதில் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்புங்கள்.

நம் ஊரில் அதிகம் ஏமாற்றும் படம் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம். கடல் மட்ட உயர்வு பற்றிய கட்டுரைகளில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1964 டிசம்பர் 22, 23 இரவில் வந்த ஒரே புயலில் அழிந்த ஊர் அது. பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோனது. அந்த மக்களின் துயரத்தை வேறொரு கதைக்குக் கடன் வாங்குவது சரியல்ல.

இனி, எப்படி எடுப்பது.

ஒரே நாளில் போய் எடுத்துவிட்டு வரும் வேலையல்ல இது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஊருக்குள் எளிதில் அழியாத அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கோவில் படிக்கட்டு, கலங்கரை விளக்கத்தின் அடித்தளம், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி, இப்படி ஏதாவது ஒன்று. அதன் ஓரத்தில் முக்காலியை நிறுத்தி, உயரத்தையும் திசையையும் லென்ஸின் குவிய நீளத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த முறையும் அதே உயரம், அதே லென்ஸ். தொலைநோக்கு லென்ஸால் எடுத்தால் அலையும் வீடும் நெருங்கி, அலை வீட்டைவிடப் பெரியதாகத் தெரியும். ஒப்பிடுவதற்கான படத்தில் அது கூடாது.

மாதம் மிக முக்கியம். நம் கடற்கரை ஐப்பசி, கார்த்திகையில் ஒடுங்கும், கோடையில் மணல் திரும்பி வந்து அகலும். மே மாதத்தில் எடுத்த பழைய படத்தையும் டிசம்பரில் எடுத்த புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடல் இவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தெரியாமல் சொன்னாலும் பொய்தான். ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் எடுங்கள். திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், அட்டமி நவமியில் குறைவு. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கடல் ஏற்றவற்ற அட்டவணையில் சென்னை போன்ற துறைமுகங்களுக்கு நேரமும் உயரமும் இருக்கும். படம் எடுத்த நிமிடத்தை அதோடு பொருத்தி எழுதி வையுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் போனால் கள்ளக்கடல் என்ற சொல்லையும் கேட்பீர்கள். காற்றும் மழையும் இல்லாத நாளில், எங்கோ தென்கடலில் எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து ஊருக்குள் திடீரென ஏறுவது அது. மலையாள மீனவர்களின் அந்தச் சொல்லையே 2012-ல் அறிவியல் சொல்லாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. வெயில் அடிக்கும் வானமும் தெருவில் ஓடும் கடல் நீருமாக ஒரு படம் கிடைத்தால், அது என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது, தினமும் ஈரத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். ட்ரோன் பறக்கவிட எண்ணினால் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். கல்பாக்கம், துறைமுகங்கள், கடற்படைத் தளங்கள் என்று நம் கரையில் தடை உள்ள இடங்கள் ஏராளம்.

எதை எடுப்பது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடிந்த சுவர் எல்லோருக்கும் கிடைக்கும். அதைவிட அதிகம் சொல்லும் பொருள்கள் வீட்டுக்குள்ளும் தெருவிலும் இருக்கின்றன. கையடிப் பம்பைப் பாருங்கள். தண்ணீர் உப்பாகிவிட்ட ஊரில் அதன் வாய் துருவேறிச் செம்பழுப்பாகி இருக்கும். யாரும் தொடாததால் கைப்பிடியில் பளபளப்பு போயிருக்கும். பக்கத்திலேயே லாரித் தண்ணீருக்காக நிறம் நிறமாகக் குடங்கள் வரிசையில் நிற்கும். ஒரு வீட்டில் சுவரின் அடிப்பகுதியில் உப்பு பூத்திருந்ததை நான் ஒரு காலைப்பொழுது முழுக்க எடுத்தேன். முழங்கால் உயரம் வரை சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. அதற்குமேல் வெள்ளையாகப் பொடி. வீட்டுக்காரப் பெண் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறார், மாசி முடிவதற்குள் மறுபடி பூத்துவிடுகிறது. விரலால் தொட்டு என் கையில் வைத்தார். "நக்கிப் பாருங்கள் அண்ணா, கறிக்குப் போடலாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

கரைவலை இழுக்கும் ஊரானால், வலை இழுப்பதை எடுங்கள். வலையின் இரு முனைகளையும் கரையில் நின்று இரண்டு அணிகள் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். அதற்கு அகலமான மணல் வேண்டும். மணல் போய்க் கருங்கல் வந்துவிட்டால் கரைவலை அன்றோடு முடிந்தது. வலை மட்டும் மிஞ்சும், ஏதாவது ஒரு கொட்டகையில் சுருட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள். கருவாடு காயவைக்க இடமில்லாமல் பெண்கள் தார்ச்சாலை ஓரத்தில் மீனைப் பரப்பியிருப்பார்கள். படகு ஏற்ற இடமில்லாமல் பக்கத்து ஊர்க் கரையில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள், அதில் இரண்டு ஊருக்கும் இடையே சண்டையும் வரும். கடற்கரை என்றால் நமக்குக் காட்சி. அவர்களுக்கு அது பட்டறை, சந்தை, களம். கடல் எடுத்துக்கொள்வது தொழில் செய்யும் இடத்தை என்று காட்டும் படம் அரிதாகவே வருகிறது.

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் சதாபாயா என்று ஓர் ஊர்த்தொகுதி இருந்தது. ஏழு ஊர்களாக இருந்ததில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிஞ்சிய மக்களைப் பாகபாட்டியா என்ற இடத்தில் அரசு குடியமர்த்தியது. சதாபாயாவில் பஞ்சுபராகி என்ற அம்மன் கோவில் இருந்தது. மீனவப் பெண்கள் மட்டுமே பூசை செய்வார்கள், சிலைகளை ஆண்கள் தொடக் கூடாது. 2018-ல் அம்மனையும் இடம் மாற்ற வேண்டிவந்தபோது, கனமான கற்சிலைகளைத் தூக்குவதற்காக ஆண்கள் கைவைக்க நேர்ந்தது. அந்த ஊரைப் பற்றி நினைக்கும்போது வீடுகள் இடிந்ததைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது. தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒரு விதியை ஊரே கூடி விட்டுக்கொடுத்த நாள் அது. நீங்கள் போகும் ஊரில் கோவிலை எத்தனை முறை பின்னால் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், கொடியேற்றம் எந்த மணலில் நடந்தது, இப்போது எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்.

மனிதர்களை எடுப்பது பற்றி. அழும் முகம் கேட்காதீர்கள். 2007 முதல் உலகம் முழுக்க வெள்ளப் பகுதிகளில் எடுத்துவரும் புகைப்படக்காரர் கிடியன் மெண்டல், நீரில் மூழ்கிய தங்கள் வீட்டுக்குள்ளேயே மக்களை நிற்கச் சொல்லி, அவர்கள் நேராகக் கேமராவைப் பார்க்கும்படி எடுக்கிறார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. பசிபிக் தீவு இளைஞர்கள் வைத்திருக்கும் முழக்கமும் அதுதான்: நாங்கள் மூழ்கவில்லை, போராடுகிறோம்.

'முடிந்துபோன ஊர்' என்ற படம் அந்த ஊருக்குத் தீங்கும் செய்யும். இதை எனக்குச் சொன்னவர் ஓர் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர். "இங்கே இனி வாழ முடியாது என்று நீங்கள் எழுதினால் எங்கள் பையன்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பேங்கில் யார் கடன் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். இன்னும் ஒன்றும் சொன்னார். சுனாமிக்குப் பிறகு பாதுகாப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் மீனவர்களைக் கரையிலிருந்து தள்ளி வைக்கும் பேச்சும் சேர்ந்தே வந்தது. மீனவர் போன இடத்தில் வேறு யாராவது கட்டடம் கட்ட மாட்டார்கள் என்று யார் உறுதி சொல்வது? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து, படத்தொகுப்பை வெளியிடும் முன் அச்சிட்டு எடுத்துப்போய் ஊர்க் கூட்டத்தில் காட்டுவது என் வழக்கமாகிவிட்டது. இரண்டு முறை படங்களை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். அதில் ஒன்று என் மிகச் சிறந்த படம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த முகம் அவர்களுடையது.

இன்னும் நல்லது, அவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுப்பது. மீன் விற்ற தாயின் மகனான பழனி குமார், ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களை எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 2022-ல் தயனிதா சிங் பெயரிலான முதல் ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. உழைக்கும் உடம்பை அவர் பார்க்கும் விதம் வெளியிலிருந்து போகும் எனக்கு வராது. குழந்தைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுப்பதையும் அவர் ஒரு வேலையாகவே செய்துவருகிறார். நீங்கள் ஓர் ஊரில் இரண்டு ஆண்டு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்கோ பையன் ஒருவனுக்கோ உங்கள் பழைய கேமராவைக் கொடுத்துப் பழக்குங்கள். நள்ளிரவில் கடல் ஏறும்போது நீங்கள் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் அங்கே இருப்பார்கள்.

இனி எந்த ஊர். புதுச்சேரித் துறைமுகத்தில் தொடங்கி பொம்மையார்பாளையம் வரை கரையோரமாக நடந்து பாருங்கள் என்பதுதான் என் முதல் பரிந்துரை. காரணமும் விளைவும் ஒரே நாள் நடைக்குள் கிடைக்கும் இடம் வேறு இல்லை. தரங்கம்பாடிக்குப் போங்கள். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதி கடலுக்குள் போய்விட்டது. அந்தக் கரை நூற்றாண்டுகளாகப் பின்வாங்கி வருவதற்கு அது சாட்சி. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் ஏற்கனவே நீருக்குள் இருக்கின்றன. வான் தீவு பெருமளவு சுருங்கிவிட்டதால் அதைக் காப்பாற்ற 2015-லிருந்து செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததையும் அந்தக் கதையில் சேர்க்க வேண்டும். அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அழிக்கால் பக்கம் அலை வீட்டுக்குள் வருவதை எடுக்க வேண்டுமானால் ஆனி, ஆடியில் போங்கள். ஆனால் எல்லா இடத்துக்கும் போகாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள்.

ஊருக்குப் போனதும் முதல் வாரம் கேமராவை வெளியே எடுக்காமல், வீட்டு ஆல்பங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கரை எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. நான் சொன்ன அந்த விழுப்புரம் குப்பத்தில், பெரியவரின் மருமகள் பீரோவிலிருந்து தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தார். ஒரு படத்தில் மாலையும் கழுத்துமாக மணமக்கள், பின்னால் நான்கு தென்னை மரங்கள், அவற்றுக்கும் பின்னால் தூரத்தில் கோடு மாதிரிக் கடல். 1998 என்று ஓரத்தில் அச்சாகியிருந்தது. அதே இடத்தில் இருவரையும் நிற்க வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன். இருவரும் கரைக்கு வந்தார்கள். எங்கே நின்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் கல் வரிசையைத் தாண்டி, அலை உடைகிற இடத்தையும் தாண்டிக் கையை நீட்டினார். "இன்னும் தள்ளி. அந்தப் படகு போகிறதே, அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

கருங்கற்களின்மேல் நின்ற இருவரையும், பின்னால் அந்தப் படகையும் சேர்த்து எடுத்தேன். இந்த முறை தூண்டில் வளைவும் சட்டத்துக்குள் இருந்தது. அடுத்த மாதம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆல்பத்தில் பழைய படத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது, அங்கே செருகினார். பிறகு மறுபடி வெளியே எடுத்து என்னிடமே நீட்டி, "பின்னால் தேதி எழுதிக் கொடுங்கள் அண்ணா, மாதத்தையும் எழுதுங்கள்" என்றார்.